கடைக்கண் கணக்கு

களமருதூருக்குப் போயிருந்தேன். உளுந்தூர்பேட்டைப் பக்கம். உறவில் ஒரு வீடு. வாசலில் ஆயா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே பேத்தி அழுதுகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். பெண் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதித்து, மைனஸ் ஒன்றே கால் என்று சொல்லி, ஒரு கண்ணாடியும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் போட்டாள். போர்டில் எழுதுவது தெரிகிறது என்று சந்தோஷப்பட்டாள். எட்டாம் நாள் கண்ணாடியைக் காணோம். வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் அரிசி டின்னுக்குள் கண்டுபிடித்தார்கள்.

ஆயா கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமாம்ப்பா, நாந்தான் ஒளிச்சு வச்சேன். இப்பவே மாட்டுனா பவரு ஏறிக்கினே போவும். உன்னையே பாரேன். சின்னப் புள்ளையில மெல்லிசா ஒண்ணு மாட்டிக்கினு திரிஞ்ச. இப்ப சோடாபுட்டி. பொம்பளப் புள்ளைக்கு அது வேணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் தகவல் சரி. ஏழாம் வகுப்பில் எனக்கு மைனஸ் ஒன்று. பி.காம். முடிக்கும்போது மைனஸ் ஐந்து. நடுவில் வருஷா வருஷம் கண்ணாடி மாற்றியதுதான் மிச்சம். கண்ணாடி போட்டதால் ஏறியதா, ஏறியதால் கண்ணாடி மாற்றினேனா?

அந்த வட்டாரத்துக்கும் கண்ணுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. சுந்தரர் பிறந்த திருநாவலூர் அங்கேதான் இருக்கிறது. சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதால் இரண்டு கண்ணும் போய்விட்டது என்று பெரிய புராணம் சொல்கிறது. சிவபெருமான் அதைத் திருப்பிக் கொடுத்தது இரண்டு தவணையில். இடக் கண் காஞ்சிபுரத்தில். வலக் கண் திருவாரூரில்.

நமக்கு அந்த வசதி கிடையாது. கண் கெட்டால் கண்ணாடிதான். அந்தக் கண்ணாடியே கண்ணைக் கெடுக்கிறதா என்றால், கேள்வி சின்னதல்ல. அதற்குப் பதில் தேட மனிதர்கள் எடுத்துக்கொண்ட காலம் கிட்டத்தட்ட நானூறு வருஷம்.

மூக்குக் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் வந்தது. ஆனால் அது வயசானவர்களுக்கானது. எழுத்துக் கிட்டத்தில் தெரியாதவர்களுக்கு நடுவில் தடித்த குவிலென்ஸ். நம் பக்கத்திலும் சீக்கிரமே எட்டிப் பார்த்துவிட்டது. விஜயநகரத்து ராஜகுருவாக இருந்த வியாசராயர் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவடி படித்தார் என்று, அவரைப் பற்றி சோமநாதர் என்ற கவி எழுதிய நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுச் சமாசாரம்.

தூரத்தில் இருப்பது தெரியாதவர்களுக்கு நடுவில் மெலிந்த குழிலென்ஸ் வேண்டும். நாம் மைனஸ் என்கிறோமே, அது. இது பதினைந்தாம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. போப் பத்தாம் லியோ பிரபலமான கிட்டப்பார்வைக்காரர். ரஃபேல் 1518 வாக்கில் அவரை வரைந்த ஓவியத்தில் கையில் ஒரு லென்ஸ் இருக்கும்.

போட்டால் தெரிகிறது. ஆனால் ஏன் தெரிகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னவர் ஜோகன்னஸ் கெப்ளர். கிரகங்கள் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்தாரே, அவரேதான். சின்ன வயசில் பெரியம்மை வந்து பார்வை கெட்டுப்போனவர். 1604-ல் எழுதிய புத்தகத்தில் அவர் சொன்னது இது: கண்ணுக்குள் ஒளி போய், பின்பக்கம் இருக்கும் விழித்திரையில் தலைகீழாகப் படம் விழுகிறது. கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் படம் திரைக்கு முன்னாலேயே கூடிவிடுகிறது. குழிலென்ஸ் அதைப் பின்னால் தள்ளித் திரையில் உட்கார வைக்கிறது.

அவ்வளவுதான். இன்றைக்கும் கண்ணாடிக் கடையில் நடப்பது இந்தக் கணக்குதான். சார்ட்டைக் காட்டுகிறார்கள். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இப்போ தெளிவா இருக்கா? இது பரவாயில்லையா, அதுவா?" என்கிறார்கள். எழுத்துத் தெரிந்ததும் பில் போட்டுவிடுகிறார்கள்.

கவனியுங்கள். அந்த எழுத்தை நாம் பார்ப்பது கண்ணின் நட்ட நடுவால். ஓரத்தில் படம் எங்கே விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. முன்னூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக அறிவியலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

1867-ல் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் ஒரு பெரிய காரியம் செய்தார். பிரெஸ்லாவ் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்தார். அன்றைக்கு ஜெர்மானிய ஊர். இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இல்லை. கல்லூரிக்குத் தயார் செய்யும் ஜிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளிகளில் நாலில் ஒருவருக்கு இருந்தது. வகுப்பு ஏற ஏற, கண் இறங்கியது.

படிப்புதான் வில்லன் என்று முடிவானது. வெளிச்சம் போதாது, பெஞ்சு சரியில்லை, எழுத்துப் பொடி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கூடவே, முழுப் பவரில் கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும், கொஞ்சம் குறைத்துப் போடு என்று ஒரு வைத்தியமும் கிளம்பியது. கடல் தாண்டி, தலைமுறை தாண்டி, அது களமருதூர் ஆயா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த வைத்தியத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது மலேசியாவில். 94 பிள்ளைகள். பாதிப் பேருக்கு முழுப் பவர். மீதிப் பேருக்கு முக்கால் பவர் குறைத்து. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் பவர் அதிகமாக ஏறியிருந்தது. 2002-ல் முடிவு வெளியானது. நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது நேர்மாறாகப் போயிருந்தது.

அப்படியானால் ஆயா சொன்னது தப்பா? அவசரப்படாதீர்கள்.

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னுக்குச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்த ஆளுக்குச் சுமார் 24. நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்கு யார் சொல்கிறார்கள்? ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டால் இரண்டரை, மூன்று மைனஸ் வந்துவிடும். பெரும்பாலான கண்கள் சரியான இடத்தில் நின்றுகொள்கின்றன. எப்படி?

முதல் தடயம் 1977-ல் குரங்குகளிடம் கிடைத்தது. டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் பார்த்தது இது: குட்டியாக இருக்கும்போது இமை தைக்கப்பட்ட குரங்குகளின் கண் நீளமாகி, கிட்டப்பார்வை வந்திருந்தது. இந்த வீசல்தான், மூளை எப்படிப் பார்க்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 1981-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆக, கண்ணின் வளர்ச்சி பிறவி ஜாதகம் மட்டுமல்ல. கண் எதைப் பார்க்கிறது என்பதும் சேர்த்தி.

அடுத்து வந்தது கோழிக்குஞ்சு. நியூயார்க் சிட்டி காலேஜில் ஜோஷ் வால்மன் என்ற விஞ்ஞானி. பலரும் மூளையில் தேடிக்கொண்டிருந்ததை இவர் கண்ணிலேயே தேடினார். குஞ்சின் கண்ணுக்கு முன்னால் மங்கலான மறைப்பைப் பொருத்தினார். அதுவும் முழுசாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் மறைகிற மாதிரி. 1987-ல் வெளியான முடிவைப் படித்தவர்கள் அசந்துபோனார்கள். மறைத்த பக்கத்துக்கு நேராக இருந்த கண் சுவர் மட்டும் புடைத்து வளர்ந்திருந்தது. மற்ற பக்கம் ஒழுங்காக இருந்தது. மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டாலும் கண் நீளத்தான் செய்தது.

அதாவது, கண் தன் வளர்ச்சியைத் தானே முடிவு செய்கிறது. அதுவும் தலைமைச் செயலகத்தில் கேட்டு அல்ல. ஒவ்வொரு வார்டும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது.

மறு வருஷம், 1988-ல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் குஞ்சுகளுக்கு லென்ஸே மாட்டிப் பார்த்தார்கள். மைனஸ் லென்ஸ் மாட்டினால் படம் திரைக்குப் பின்னால் விழும். குஞ்சின் கண் என்ன செய்தது தெரியுமா? பின்னால் வளர்ந்து போய்ப் படத்தைப் பிடித்தது. பிளஸ் லென்ஸ் மாட்டினால் வளர்ச்சி மந்தமானது. கண்ணாடிக்குத் தகுந்த மாதிரி கண் வளர்கிறது!

ஆயா இங்கேதான் ஜெயிக்க ஆரம்பிக்கிறார்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. குஞ்சுக்கு நல்ல கண். நல்ல கண்ணில் மைனஸ் மாட்டினால் படம் பின்னால் போகும். சரி. நம் பெண்ணுக்கு ஏற்கெனவே கிட்டப்பார்வை. அவளுக்கு மைனஸ் மாட்டினால் படம் திரையில்தானே விழும்? பிறகு ஏன் ஏறுகிறது?

பதில் ஓரத்தில் இருந்தது. கடைக்கண்ணில்.

ஊரில் டென்ட்டுக் கொட்டாயில் படம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆபரேட்டர் நடுவில் எம்.ஜி.ஆர். முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஃபோகஸ் வைப்பார். ஓரத்தில் நிற்கிற தோழிகள் கலங்கலாக இருப்பார்கள். யாரும் கவலைப்பட மாட்டோம். கண்ணாடியும் அந்த ஆபரேட்டர் மாதிரிதான். நடுவுக்கு ஃபோகஸ் வைக்கிறது.

கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் பந்து மாதிரி இருக்காது. முட்டை மாதிரி பின்னால் நீண்டிருக்கும். நடுவில் திரை ரொம்பப் பின்னால் போய்விட்டது. ஓரத்தில் அவ்வளவு போகவில்லை. கண்ணாடி நடுப் படத்தைத் தள்ளித் திரையில் உட்கார வைக்கிறது. அதே தள்ளலில் ஓரத்துப் படம் திரையைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. ஓரத்து விழித்திரைக்குத் தெரிவது ஒன்றுதான்: படம் எனக்குப் பின்னால் விழுகிறது, நான் இன்னும் பின்னால் போக வேண்டும். கண் நீள்கிறது. நீண்டால் நடுவில் மறுபடி மங்கல். அடுத்த வருஷம் புதுக் கண்ணாடி. மறுபடி நடுவுக்கு ஃபோகஸ்.

இது வெறும் ஊகமாக இருக்கக் கூடாதல்லவா? ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏர்ல் ஸ்மித் குழுவினர் குரங்குக் குட்டிகளை வைத்துச் சோதித்தார்கள். நடுவில் ஓட்டை போட்ட மங்கல் கண்ணாடி. நேரே பார்த்தால் பளிச். ஓரம் மட்டும் மங்கல். கிட்டப்பார்வை வந்தது. அடுத்து, விழித்திரையின் நட்ட நடுப் புள்ளியை லேசரால் பொசுக்கிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கண் தன் நீளத்தைச் சரி செய்துகொண்டது. வளர்ச்சியை முடிவு செய்ய ஓரமே போதும் என்று 2005-ல் எழுதினார்கள்.

இதற்கு முன்னோடியாக ஒரு டச்சு ஆராய்ச்சியைச் சொல்வார்கள். 1971-ல் ஹூகர்ஹைடெ என்பவரும் சகாக்களும் பயிற்சி விமானிகளின் கண்களை ஓரத்திலும் அளந்தார்கள். ஓரத்துப் படம் பின்னால் விழுந்தவர்களுக்குத்தான் பிற்பாடு கிட்டப்பார்வை வந்தது என்று உலகம் நாற்பது வருஷம் நம்பியது. 2012-ல் சிலர் பழைய கட்டுரையை உட்கார்ந்து திரும்பப் படித்தார்கள். ஓரத்தை அளந்தது கிட்டப்பார்வை வருவதற்கு முன்னால் அல்ல, வந்த பிறகுதான் போலிருக்கிறது என்றார்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்த்துப் பொருத்தம் பிரமாதம் என்று சொன்ன கதை.

இதையெல்லாம் மறைக்கக் கூடாது. 2011-ல் அமெரிக்கப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், ஓரத்துப் படத்துக்கும் பவர் ஏறுவதற்கும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை என்று சொன்னார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து மணிக்கணக்கில் படிப்பதும் ஒரு காரணம். ஓரம் என்பது வில்லன்களில் ஒருவர். ஒரே வில்லன் அல்ல.

ஆனால் பிடிக்கக்கூடிய வில்லன். நடுவைத் தெளிவாக வைத்துக்கொண்டு ஓரத்துப் படத்தை மட்டும் முன்னால் இழுக்க முடியுமா? முடிந்தால் கண்ணாடியே மருந்தாகிவிடுமே?

இந்த இடத்தில் நம் ஊர் வாசனை வருகிறது. பத்மஜா சங்கரிதுர்க். சென்னை எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியில் 1989-ல் பட்டம் வாங்கி, ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சிக்குப் போனவர். அவரும் சகாக்களும் மூன்று விதமான புது லென்ஸ்களைச் சீனாவில் 210 பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. ஒட்டுமொத்தமாக, தேறவில்லை. ஆனால் ஒரு விதம் மட்டும், பெற்றோருக்கும் கிட்டப்பார்வை இருந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சுமார் 30 சதவீதம் பலன் கொடுத்தது. தோல்விக்குள் ஒரு நூல் முனை.

அதே வழியில் வேறு விதமாகப் போனவர்கள் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார். நடுவில் ஒன்பது மில்லிமீட்டர் வட்டம் சாதாரணக் கண்ணாடி. அதைச் சுற்றித் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி லென்ஸ்கள். அவை படத்தின் ஒரு பங்கைத் திரைக்கு முன்னால் விழ வைக்கும். 'போதும், நில்' என்று கண்ணுக்குச் சொல்வது மாதிரி. 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு வருஷம் சோதித்ததில், சாதாரணக் கண்ணாடி போட்டவர்களைவிட பவர் ஏறுவது 52 சதவீதம் குறைந்தது. கண் நீள்வது 62 சதவீதம் குறைந்தது. இதே குடும்பத்து வேறொரு லென்ஸுக்கு 2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி கொடுத்தது.

ஏறியது இறங்காது. ஏறும் வேகம் குறையும். அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமில்லை. பவர் மிக அதிகமாகப் போனால் விழித்திரை கிழிவது, பிரிவது போன்ற ஆபத்துகள் கூடும். மைனஸ் மூன்றில் நிற்க வேண்டியவர் மைனஸ் ஏழுக்குப் போவது வெறும் அழகுப் பிரச்னை இல்லை.

சரி, களமருதூருக்கு வருவோம். தமிழக அரசு 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி. நல்ல காரியம். ஆனால் பொதுவாக இலவசமாகக் கிடைப்பது கெப்ளர் காலத்துக் கணக்குக் கண்ணாடிதான். தேன்கூட்டுக் கண்ணாடி பல ஆயிரம் ரூபாய். பவர் மாறினால் மறுபடி பல ஆயிரம். மல்லாட்டை விற்கிற வீட்டில் அது கட்டுப்படியாகாது.

கணக்குப் படித்தவனாக யோசித்தேன். பணம் செலவில்லாத வழி ஏதாவது?

இருக்கிறது. வெயில்.

2008-ல் ஒரு ஒப்பீடு வந்தது. ஆறேழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகள். சிங்கப்பூரில் இருப்பவர்களில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் இருப்பவர்களில் 3 சதவீதம்தான். படிப்பதில் சிட்னிப் பிள்ளைகள் குறைவில்லை. வித்தியாசம் எங்கே? சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வீட்டுக்கு வெளியே. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோவில், பள்ளியில் தினம் நாற்பது நிமிஷம் கூடுதலாக வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்திலிருந்து 30.4 ஆகக் குறைந்தார்கள். 2015-ல் வெளியான முடிவு.

ஆனால் வெயில் கிட்டப்பார்வை வராமல் காக்கத்தான் நன்றாக உதவுகிறது. வந்த பிறகு அவ்வளவு உதவுவதாகத் தெரியவில்லை.

கிராமத்துப் பிள்ளைக்கு வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். 2002-ல் வெளியான ஆய்வுகளில் ஆந்திர கிராமப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை 4 சதவீதம். டெல்லி நகரத்தில் 7. அதே டெல்லியில் 2015-ல் 13. தமிழ்நாட்டு நகரங்களில் சங்கர நேத்ராலயா 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்ததில் 17.5. களமருதூர்ப் பிள்ளைக்கும் இப்போது காலையில் வேன், சாயங்காலம் டியூஷன், ராத்திரி செல்போன். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்த கணக்கு வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

ஆயாவிடம் உட்கார்ந்து சொன்னேன். கெப்ளர், கோழிக்குஞ்சு எல்லாம் இல்லை. சுருக்கமாக.

"நீ சொன்னது பாதி நெசம் ஆயா. கண்ணாடியில ஒரு குறை இருக்கு. ஆனா கழட்டி வச்சா பவரு நிக்காது, இன்னும் ஏறும். போர்டும் தெரியாது, படிப்பும் போயிடும். அவ போட்டுக்கட்டும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை கண்ணைக் காட்டணும்."

"ஏறுறதுக்கு ஒண்ணும் வழி இல்லியா?"

வழி இருக்கிறது, விலை இவ்வளவு என்று சொன்னேன். உரிப்பதை நிறுத்தி, முறத்தை ஒருமுறை பார்த்தார். மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.

உள்ளே தரையில் அவளுடைய தம்பி. நாலு வயசு. செல்போனை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் கண்ணில் இன்னும் எதுவும் ஆகவில்லை.

"இவனை முதல்ல வெளில தொரத்து ஆயா."

"வெயிலு கொளுத்துதேப்பா."

"நெழல்ல வெளையாடட்டும். வெளில இருந்தாப் போதும்."

ஆயா எழுந்து போனார். செல்போனைப் பிடுங்கினார். பையன் கத்தினான். அதைக் கண்டுகொள்ளாமல் நேராக அடுப்படிக்குப் போய், அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார்.

கண்ணாடி வெளியே வந்துவிட்டது. டின்னில் இடம் இருந்தது.